சுருதியை யார் வைப்பது?



அடையாள அட்டை, காணி உறுதி, வாழ்வாதார உதவி என்றுதான் இந்தப் பக்கத்தில் அதிகமாக எழுதி வருகிறேன். இம்முறை கோயில் பாட்டைப் பற்றி எழுதுகிறேன். பாட்டுக்கும் நம் பிரச்சினைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஊவாவின் தோட்டங்களில் வேலை செய்கையில், ஒரு பெண் தன் வீட்டுக்கு வெளியே முதன்முதலாகக் குரல் எழுப்பிய இடம் எது என்று கேட்டால், பலர் சொல்லும் பதில் கோயில் பாடகர் குழு என்பதுதான். சங்கக் கூட்டமோ தொழிற்சங்கமோ அதற்குப் பிறகுதான் வருகிறது.

பதுளை நகரின் புனித மாற்கு ஆலயத்தைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். 1857 ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட பழைய ஆலயம். மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் நினைவாக எழுப்பப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பேர் பெற்ற இவர், 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் பெயரைப் பொறித்த கல் உள்ளே இருக்கிறது. நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக இம்மாவட்டத்து ஆலயங்களில் பாடிவந்த தோட்டப் பெண்களுக்குப் பெயர்ப்பலகை எதுவும் இல்லை. அதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. பாட்டு எப்படி நடக்கிறது, அதற்குப் பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்.

ஞாயிறு ஆராதனையில் நமக்குத் தெரிபவர் ஆர்மோனியக்காரர். தபேலாவோ டோலக்கோ அடிப்பவரும் தெரிவார். அதற்குமேல் நம் கண் போவதில்லை. பாட்டுகளை அப்பியாசக் கொப்பியில் எழுதி, கிழிந்தால் மறுபடி எழுதி வைத்திருப்பவர் ஒருவர் இருக்கிறார். சின்னப் பிள்ளைகளுக்கு வரி வரியாகச் சொல்லிக் கொடுப்பவர் பெரும்பாலும் முன்பள்ளி ஆசிரியைதான். கோயிலைத் திறந்து, பெருக்கி, பாய் விரித்து, ஆர்மோனியப் பெட்டியின் துணியை உதறி வைப்பவர், பயிற்சி முடிந்ததும் டோர்ச் லைட்டோடு பெண் பிள்ளைகளை லயம் வரை கொண்டுபோய் விடுபவர், டிசம்பரில் கரோல் போகும்போது தேத்தண்ணி வைப்பவர், இப்படி நான் எண்ணிய ஒரு சிறிய தோட்டக் கோயிலில் பதினொரு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் பெண்கள். படி பெறுபவர் ஒருவர் மாத்திரமே. அவர் யாரென்று நான் சொல்லத் தேவையில்லை.

இந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? 1854 இல் அங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர்கள் தோட்டத் தொழிலாளருக்காக ஒரு மிஷனைத் தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'. தென் தமிழகத்திலிருந்து வந்த உபதேசிமார் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் நம் இராகங்களில் அமைத்த கீர்த்தனைகளை மலையகச் சபைகள் இன்றும் பாடுகின்றன. கத்தோலிக்கக் கோயில்களிலோ பூசை இலத்தீனில் நடந்தது. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட வழிபாடு பற்றிய ஏடுதான் தாய்மொழிக்கு வழி திறந்தது. அதே 1963 இல் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த போதகர் டி. தி. நைல்ஸ் தொகுத்த ஆசியப் பாடல் நூலும் வெளிவந்தது. ஆசியாவின் மெட்டுகளிலேயே ஆசியர் பாடலாம் என்று அதில் காட்டினார். பதுளை மறைமாவட்டம் 1972 இல் கண்டியிலிருந்து பிரிந்தபோது, கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார அந்த இடத்தை விட்டு ஏழை மறைமாவட்டமான பதுளைக்கு முதலாவது ஆயராக வந்தார். 1982 இல் இறக்கும் வரை இங்கேயே இருந்தார்.

இவையெல்லாம் பெரியவர்கள் செய்தவை. பெண்களைப் பற்றிய ஒரு செய்தியை இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். 1903 இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட இசை ஒழுங்கில், வழிபாட்டுப் பாடகர் குழுவில் பெண்கள் சேரக்கூடாது என்றும், மேல் குரல் வேண்டுமானால் பையன்களை வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது. 1955 ஆம் ஆண்டுதான், பீடத்துக்கு வெளியே நின்று பெண்களும் பாடகர் குழுவில் பாடலாம் என்று பன்னிரண்டாம் பத்திநாதர் எழுத்தில் அனுமதித்தார். எழுதிய சட்டத்தை எல்லா ஊரும் அப்படியே பின்பற்றவில்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் நம் பாட்டிமார் காலத்தில் கேள்விக்குரியதாக இருந்த இடத்தில்தான் இன்று நாம் நிற்கிறோம். 'இது காலங்காலமாக வந்த முறை' என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு ஆண்டுகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இனிச் சுருதிக்கு வருவோம். தோட்டங்களில் பெண்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது, "மிஸ், தொண்டை கட்டிப் போகுது, பாட ஏலாம இருக்கு" என்பது. விடியற்காலைப் பனியில் மலையேறி, நாள் முழுக்கக் கொழுந்து பறித்து, நிறை குறைந்தால் அரைப்பேர் என்ற பயத்தோடு ஓடி, பிறகு தண்ணீர் எடுத்து, சமைத்து, ஏழு மணிக்குப் பயிற்சிக்கு வருகிறவர்கள். களைப்புத்தான் காரணம் என்று நானும் முதலில் கேட்டவர்களும் நினைத்தோம். ஒரு பயிற்சியில் உட்கார்ந்து கவனித்தபோது வேறொன்று தெரிந்தது. ஆர்மோனியக்காரர் எல்லாப் பாட்டையும் ஒன்றரைக் கட்டையிலேயே எடுத்தார். ஆண் குரலுக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டை பொருந்தும். பெண் குரலுக்கு நாலரையிலிருந்து ஆறு கட்டை வரை என்பது பொதுக் கணக்கு. ஒன்றரையில் எடுத்தால் பெண்கள் ஒன்றில் கீழே இறங்கி முனக வேண்டும், அல்லது மேல் ஸ்தாயியில் கத்த வேண்டும். அவர்கள் கத்தினார்கள். சரணம் மேலே போகும்போது பாதிப் பேர் வாயை மட்டும் அசைத்தார்கள்.

அவரிடம் மரியாதையாகக் கேட்டேன். நல்ல மனிதர். ஒளிக்காமல் சொன்னார்: "எனக்கு அந்தக் கட்டையில மட்டுந்தான் விரல் போகும், பிள்ளை." ஆக, ஒரு மனிதரின் பத்து விரல் பழக்கத்துக்காக இருபது பெண்களின் தொண்டை நோகிறது. வருடக்கணக்காக யாரும் அதைக் கேட்கவில்லை, கேட்கலாம் என்றும் தெரியவில்லை. நம் வாழ்க்கையில் எத்தனை விஷயம் இப்படி நடக்கிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதற்கு வழி இருக்கிறது. பாட்டை எடுக்குமுன் பல்லவியைப் பாடிப் பார்க்காதீர்கள், சரணத்தின் மேலான இடத்தைப் பாடிப் பாருங்கள். அங்கே குரல் நோகாமல் நின்றால் அதுதான் உங்கள் குழுவின் கட்டை. கீபோர்ட் உள்ள கோயிலில் 'ட்ரான்ஸ்போஸ்' என்றொரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் வாசிப்பவர் விரலை மாற்றத் தேவையில்லை, சுருதி மட்டும் மாறும். அந்தக் கோயிலில் கடைசியாக இரண்டு பெண் பிள்ளைகளை ஆர்மோனியம் பழக்குவது என்று முடிவானது. பழக்கியவர் அதே ஆர்மோனியக்காரர்தான்.

வேறு ஒரு தோட்டத்தில் நடந்ததையும் சொல்கிறேன். 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள் பல. அப்படிப் போன குடும்பமொன்றின் மகள், 2009 இல் கணவரை இழந்து, பிள்ளைகளோடு தாயின் லயத்துக்குத் திரும்பி வந்தார். நன்றாகப் பாடுவார். மன்னாரில் தவக்காலத்து வியாகுலப் பிரசங்கம் கேட்டு வளர்ந்த தோழிகளிடம் அந்த இராகங்களையும் பழகியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பாடுவதை எல்லோரும் விரும்பினார்கள். ஒரு கல்யாணப் பூசை வந்தபோது, 'நீ பின்னால் இரு பிள்ளை' என்று பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டார். குழுவும் பேசாமல் இருந்துவிட்டது. அந்தக் கல்யாணத்தில் பாட்டு சரியாக அமையவில்லை என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. நன்றாகவே அமைந்திருந்தாலும் செய்தது அநியாயம்தான்.

அவர் இரண்டு மாதம் பயிற்சிக்குப் போகவில்லை. குழுவின் பாட்டுக் கொப்பியை எழுதி வைத்திருந்த அக்கா ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய், "எனக்குக் கண் தெரியுதில்ல, இனி நீதான் எழுதோணும்" என்று கொப்பியைக் கொடுத்துவிட்டு வந்தார். மன்னிப்பும் கேட்கவில்லை, புத்தியும் சொல்லவில்லை. அடுத்த கல்யாணத்துக்குக் கொப்பியோடு அவர் முன்வரிசையில் நின்றார். முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். சுவாமியார் அவர்களோடு தனியாகப் பேசினார் என்று கேள்விப்பட்டேன்.

துக்கத்தில் ஒப்பாரி பாட அழைக்கும் பெண்ணை மங்கலப் பாட்டுக்கு ஒதுக்குவது இந்துக்களிடமும் கிறிஸ்தவர்களிடமும் ஒன்றுபோலவே இருக்கிறது. மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005), கிராமத்து மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவர். 'பறட்டை' என்ற பெயரால் அறியப்பட்டவர். எல்லோருக்கும் ஒரே உலையில் சோறு வேக வேண்டும் என்பது அவருடைய இறையியல். பெரட்டுக்கு ஆள் கூட்டத் தப்பு அடித்த தோட்டங்களில், கோயிலுக்குள் தப்பு வரலாமா என்று இன்னும் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் கோயிலிலோ சங்கத்திலோ பாடகர் குழு இருந்தால் கமிட்டியில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். பயிற்சி நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள்? இருட்டியபின் பிள்ளைகளை யார் கூட்டிப் போகிறார்கள்? படி கொடுப்பதானால் கொப்பி எழுதுகிறவருக்கும் பிள்ளைகளைப் பழக்குகிறவருக்கும் உண்டா? நத்தாருக்கு முன்னரே கேட்டுவிடுங்கள். ஊவாவில் அடை மழையும் கரோலும் ஒன்றாகத்தான் வரும், அப்போது பேச யாருக்கும் நேரம் இராது.

கடைசியாக ஒன்று. ஆர்மோனியப் பெட்டியைச் சிமெந்துத் தரையில் வைக்காதீர்கள். ஈரம் ஏறினால் உள்ளே இருக்கும் பித்தளை நாக்குகள் ஒட்டிக்கொள்ளும், துருத்தியின் தோலை எலி கடிக்கும். வாங்கின் மேல் வைத்து, துணியால் மூடி, வெயில் எறிக்கும் நாளில் நிழலான, காற்றுப் படும் இடத்தில் திறந்து வையுங்கள். எண்ணெய் மட்டும் விட வேண்டாம்.