ஓட்டங்களை எண்ணாத அன்பு





பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களிலிருந்து பிழைப்பின் நிமித்தம் திருவனந்தபுரம், எர்ணாகுளம், சென்னை, பெங்களூர், வளைகுடா நாடுகள் என்று குடிபெயர்ந்த குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "பாஸ்டர், விசுவாசிகள் மேட்ச் பார்க்கலாமா? பார்த்தால் பாவமா?" தகப்பன்மார் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். தாய்மாரோ, தகப்பன் காதில் விழும்படி உரக்கவே கேட்பார்கள்.

இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் கூறி அனுப்பிவிடலாம். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் மேட்ச் பார்க்கையில், உங்கள் பிள்ளை உங்களைப் பார்க்கிறானே, அவன் என்ன கற்றுக்கொள்ளுகிறான்? இம்மாதம் இதைத் தேவ சமுகத்தில் சிந்திப்போம்.

விளையாட்டு நமக்கு அந்நியமல்ல

1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்டபோது, விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் தங்கியது. ஆட்சி எல்லை வந்தது. ஆனால் சம்பந்தங்களும் சந்தைகளும் சபைகளும் அந்த எல்லையைப் பார்க்கவில்லை. பந்தும் பார்க்கவில்லை. கேரளத்தின் பொழியூரும் தமிழ்நாட்டின் நீரோடியும் ஒரே மணற்கரையில் அடுத்தடுத்துக் கிடக்கும் ஊர்கள். பொழியூர், சந்தோஷ் கோப்பைக்கு ஆட்டக்காரர்களை அனுப்பிய கிராமம் என்று பெயர் பெற்றது. சற்றுத் தெற்கே தூத்தூர்க் கடற்கரையைச் சேர்ந்த இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் வரை சென்றார். வலை இழுக்கும் கைகளும் பந்து உதைக்கும் கால்களும் ஒரே வீட்டில் உள்ள கரை அது.

வேதம் விளையாட்டைப் பகைக்கவில்லை. எருசலேமைத் திரும்பக் கட்டுவேன் என்று தேவன் சகரியா மூலம் வாக்களித்தபோது, அந்த நகரத்தின் வீதிகளில் பையன்களும் பெண்பிள்ளைகளும் நிறைந்து விளையாடுவார்கள் என்பதையும் அந்த ஆசீர்வாதத்தோடு சேர்த்தே சொன்னார் (சகரியா 8:5). அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்தியருக்கு எழுதியபோது ஓட்டக்காரனையும் குத்துச்சண்டைக்காரனையும் உவமையாக்கினார் (1 கொரி. 9:24-27). கொரிந்துவின் அருகே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மியப் போட்டிகள் நடைபெற்றதை அந்தச் சபையார் நன்கு அறிவார்கள். ஆகையால் பந்தைப் பார்த்து நாம் பயப்பட வேண்டியதில்லை. நாம் பயப்பட வேண்டியது வேறொன்று.

எட்டு நாட்களில் நான்கு ஆட்டங்கள்

நெய்யாற்றின்கரை தாலுகாவின் கடலோரத்தில் உள்ள புல்லுவிளையில் 1994-ஆம் ஆண்டு பிறந்தவர் சஞ்சு சாம்சன். நம் ஊர்ப் பிள்ளை என்று எல்லையின் இருபுறத்தாரும் உரிமை கொண்டாடும் கிரிக்கெட் வீரர். 2024 நவம்பரில் இந்திய அணி தென்னாப்பிரிக்காவில் நான்கு இருபது ஓவர் ஆட்டங்கள் ஆடியது. நவம்பர் 8, டர்பன்: சஞ்சு 107 ஓட்டங்கள். நவம்பர் 10: பூஜ்யம். நவம்பர் 13: மறுபடியும் பூஜ்யம். நவம்பர் 15, ஜோகன்னஸ்பர்க்: ஆட்டமிழக்காமல் 109.

ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கி மறு வெள்ளிக்கிழமைக்குள் இவ்வளவும் நடந்தது. ஆட்டக்காரர் ஒருவரே, மட்டை ஒன்றே. ஆனால் அந்த எட்டு நாட்களில் நம் வீட்டுக் கூடங்களில் புறப்பட்ட வார்த்தைகளை எண்ணிப் பாருங்கள். முதல் வெள்ளியன்று "நம்ம பையன்!" ஞாயிறன்று "இவனை எதுக்கு எடுத்தானுவ?" புதன்கிழமை எழுதவே தகாத வார்த்தைகள். மறு வெள்ளியன்று, "நான் அன்னைக்கே சொன்னேனே!"

ரசிகனுடைய அன்பின் சுபாவம் இதுதான். அது பலகையில் ஏறும் எண்ணைப் பார்த்து ஏறும். எண் இறங்கினால் தானும் இறங்கும். பூஜ்யத்துக்கு அங்கே பொறுமை இல்லை. விளையாட்டு வீரனுக்கு இது தொழிலோடு வரும் துன்பம், அவர் தாங்கிக்கொள்வார். 2015 ஜூலையில் தம் முதல் சர்வதேச இருபது ஓவர் ஆட்டத்தை ஆடிய சஞ்சு, இரண்டாவது ஆட்டத்துக்கு 2020 ஜனவரி வரை காத்திருந்தவர். ஆனால் தரையில் சம்மணமிட்டு, உங்கள் முழங்காலில் சாய்ந்துகொண்டு, நீங்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஒன்பது வயதுக்காரன் தாங்குவானா?

அவன் மனதில் எழுதிக்கொண்டது

அவன் ஒன்றும் கேட்கமாட்டான். ஆனால் மனதில் எழுதிக்கொள்ளுவான். "அப்பாவுக்கு ஜெயிக்கிறவனைத்தான் பிடிக்கும். பூஜ்யம் எடுத்தால் அப்பாவின் முகம் மாறும்." அடுத்த மாதம் கணக்குப் பரீட்சையில் அவனுக்கு 31 மதிப்பெண் வருகிறது. புரோகிரஸ் கார்டைப் பைக்குள் மறைத்துவைக்கிறான். கையெழுத்துக்கு அம்மாவிடம் போகிறான். "என் பிள்ளை என்னிடம் எதையும் சொல்லுகிறதில்லை" என்று தகப்பன் சபையில் ஜெப விண்ணப்பம் கொடுக்கிறார். பிரியமானவர்களே, அந்தக் கதவு எந்த இரவில் அடைபட்டது என்று சிந்தித்துப் பார்த்தீர்களா?

நகரத்துக்குப் பெயர்ந்த குடும்பங்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஊரிலிருந்தால் பாட்டி இருப்பார். "மக்களே, போட்டும், அடுத்த தடவை பாப்போம்" என்று தலையைத் தடவிக்கொடுப்பார். நகரத்தில் இரண்டு அறை வாடகை வீட்டில், இரவு எட்டு மணிக்கு வேலையிலிருந்து திரும்பும் தகப்பனின் முகமே அந்தப் பிள்ளைக்கு முழு உலகம். அந்த முகம் டிவியின் பக்கம் திரும்பியிருந்தால், அதில் வரும் மகிழ்ச்சியும் கோபமும் யாருக்காக என்பதை அவன் பார்த்துக்கொண்டே இருப்பான்.

பிள்ளைகளுக்குக் கோபமூட்டாதிருங்கள், அவர்கள் மனம் சோர்ந்துபோகும் என்று வேதம் தகப்பன்மாரையே பெயர் சொல்லி எச்சரிக்கிறது (கொலோ. 3:21, எபே. 6:4). மனம் சோர்ந்த பிள்ளை சத்தம் போடமாட்டான். நல்ல பிள்ளையைப்போல அமைதியாகவே இருப்பான்.

யோர்தானில் கேட்ட சத்தம்

இப்பொழுது மத்தேயு மூன்றாம் அதிகாரத்துக்கு வாருங்கள். நம்முடைய ஆண்டவர் யோர்தானில் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறுகிறார். வானம் திறக்கிறது. பிதாவானவர் இவரைத் தம்முடைய நேசகுமாரன் என்று அறிவித்து, இவரிடத்தில் தாம் கொண்ட பிரியத்தை யாவரும் கேட்கச் சொல்லுகிறார் (மத். 3:17). இது எப்பொழுது நடந்தது என்பதைக் கவனியுங்கள். அதுவரை சுவிசேஷங்களில் ஒரு அற்புதமும் பதிவாகவில்லை. ஒரு குருடன் பார்வையடையவில்லை, ஒரு பிரசங்கமும் நிகழவில்லை, சிலுவையும் இன்னும் வரவில்லை. விளையாட்டின் மொழியில் சொன்னால், பலகையில் ஒரு ஓட்டமும் ஏறுமுன்னே பிதா தம்முடைய பிரியத்தை அறிவித்துவிட்டார்.

வேதாகமக் கல்லூரியில் இந்த வசனத்தின் கிரேக்கச் சொல்லை ஆராய்வது வழக்கம். 'யூடோக்கேயோ' என்ற அந்த வினைச்சொல், ஒருவரில் மனம் மகிழ்வதையும் அவரை விருப்பத்தோடு ஏற்றுக்கொள்வதையும் குறிக்கும். அது பரிசளிப்பு விழாவில் கேட்கும் சொல் அல்ல. வீட்டு வாசலில் கேட்கும் சொல். வனாந்தரத்தில் சாத்தான் வந்து, நீர் தேவனுடைய குமாரனேயானால் செய்து காட்டும் என்று சோதித்தபோது, ஆண்டவருக்கு எதையும் நிரூபிக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. பிதாவின் சத்தம் அவர் செவிகளில் முன்னமே இருந்தது.

லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தையும் எண்ணிக்கொள்ளுங்கள். சொத்தையெல்லாம் அழித்துவிட்டு, கையில் பூஜ்யத்தோடு இளைய மகன் வருகிறான். அவனுடைய கணக்கில் ஓட்டமே இல்லை. ஆனால் அன்று ஓடியது யார்? தகப்பன்! தூரத்தில் கண்டபோதே ஓடிப்போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டார் (லூக்கா 15:20). பரம தகப்பன் நம் ஓட்டங்களை எண்ணுகிறவர் அல்லர், நமக்காக ஓடிவருகிறவர்.

புல்லுவிளைத் தகப்பன்

சஞ்சுவின் தகப்பனாரும் ஊரை விட்டுப் பெயர்ந்த மனிதர்தாம். தில்லிக் காவல்துறையில் பணிபுரிந்தார். தில்லிக்காகக் கால்பந்தும் ஆடியவர். மகன் தில்லியில் கிரிக்கெட் கற்றான். ஆனால் அங்கே பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் அணியில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. அந்தச் சிறு வயதின் பூஜ்யத்தைக் கண்டு அவர் மகனை ஒதுக்கவில்லை. விருப்ப ஓய்வு பெற்று, குடும்பத்தை மீண்டும் திருவனந்தபுரத்துக்கே அழைத்துவந்தார். எல்லாத் தகப்பன்மாரும் வேலையை விடவேண்டும் என்று நான் போதிக்கவில்லை. தெரிவுப் பட்டியலில் பெயரில்லாத நாளில் பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிறவனே தகப்பன். ரசிகன் அந்நேரம் வேறு சேனலுக்குப் போயிருப்பான்.

கூட்டத்தின் சத்தம்

வீட்டில் இந்த அன்பு கிடைக்காத வாலிபன் அதைக் கூட்டத்தில் தேடுவான். 2022 டிசம்பர் 18-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அர்ஜென்டினாவும் பிரான்சும் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் மோதின. நம் ஊர் நேரப்படி இரவு 8.30-க்குத் தொடங்கிய ஆட்டம், 3-3 என்று சமநிலையாகி, பெனால்டியில் அர்ஜென்டினாவுக்கு வெற்றியாக முடிந்தது. அந்த இரவில் பொழியூரில், திரையில் ஆட்டம் காட்டப்பட்ட இடத்தில், குடிபோதையிலிருந்தவர்களால் ஒரு காவல் உதவி ஆய்வாளர் தாக்கப்பட்டார். கண்ணூரிலும் கத்திக்குத்து நடந்தது. அர்ஜென்டினா எங்கே, நெய்யாற்றின்கரை எங்கே?

எபேசுவின் அரங்கத்தில் இரண்டு மணி நேரம் ஒரே கோஷத்தைக் கூவிய கூட்டத்தை லூக்கா வருணிக்கிறார். தாங்கள் எதற்காகக் கூடினோம் என்றே அவர்களில் அநேகருக்குத் தெரியவில்லை என்றும் எழுதுகிறார் (அப். 19:32-34). தெரியாமலேயே கூவலாம், தெரியாமலேயே அடிக்கவும் செய்யலாம். தன் பெயர் சொல்லி அழைக்கும் வீடு உள்ளவன் அந்தக் கூட்டத்திலிருந்து திரும்பிவர வழியறிவான்.

ஓய்வுநாளும் ஒரு ஓட்டக்காரனும்

ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களைக் குறித்தும் கேட்கிறீர்கள். 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்காட்லாந்தின் எரிக் லிடெல், தமக்கு உகந்த 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச்சுற்று ஞாயிறன்று வந்ததால் அதில் ஓட மறுத்தார். 400 மீட்டரில் ஓடித் தங்கம் வென்றார். இதை நம் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். மற்றொரு பாதியை அநேகர் கேட்டதில்லை. மிஷனெரியாகச் சீனாவுக்குச் சென்ற அவர், இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரின் வெய்சின் முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே ஞாயிறன்று ஹாக்கி ஆடிய வாலிபர் நடுவரின்றிச் சண்டையிட்டுக்கொண்டபோது, அதே லிடெல் ஞாயிறன்று மைதானத்தில் இறங்கி நடுவராக நின்றார். தம் சொந்தப் பதக்கத்துக்காக ஓய்வுநாளைக் கொடுக்க மறுத்தவர், பிறர் பிள்ளைகளின் சமாதானத்துக்காக அதைக் கொடுத்தார். 1945 பிப்ரவரியில் அந்த முகாமிலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஞாயிறு கர்த்தருடைய நாள். ஆராதனையை ஆட்டத்துக்கு விற்காதிருங்கள். அதே வேளையில், ஆராதனை முடிந்து பிள்ளையோடு பந்து உதைக்கும் தகப்பனைக் கண்டு கர்த்தர் முகஞ்சுளிக்கிறார் என்றும் எண்ணாதிருங்கள்.

வீட்டில் செய்யவேண்டியவை

1. குடும்ப ஜெபத்துக்கு நேரத்தைக் குறியுங்கள். ஐ.பி.எல். ஆட்டங்கள் பெரும்பாலும் இரவு 7.30-க்குத் தொடங்குகின்றன, நம் வீடுகளில் ஜெபவேளையும் ஏறக்குறைய அதுவே. ஆட்ட நாளில் ஏழு மணிக்கே பாட்டுப் பாடி ஜெபியுங்கள். இடைவேளைக்குள் அவசரமாக ஜெபித்து முடிக்காதிருங்கள்.

2. திரையின் முன்னே நாவைக் காத்துக்கொள்ளுங்கள். ஆட்டமிழந்து திரும்புகிறவனும் ஒரு வீட்டின் பிள்ளை. "இன்னைக்கு அவனுக்கு வாய்க்கல" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் உங்கள் பிள்ளைக்கு ஒரு புகலிடம்.

3. மதிப்பெண் அட்டையைப் பார்க்குமுன் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். முதலில் அணைப்பு, பின்பு விசாரிப்பு. திருத்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை; யோர்தானின் வரிசையைக் காத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

4. வாரத்துக்கு ஒருமுறையாவது பிள்ளையோடு விளையாடுங்கள். அவனிடம் தோற்றுப்போங்கள். தோற்ற பின்பும் சிரிக்கும் தகப்பனைக் காண்பது அவனுக்கு ஒரு பாடம்.

தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. டிவியை அணைப்பதால் மட்டும் தகப்பன் பிள்ளையின் பக்கம் திரும்பிவிடுவதில்லை. சில ஆட்டங்களை மூவருமாக உட்கார்ந்து பாருங்கள். பிள்ளை நடுவில் இருக்கட்டும்.

ஜெபம்

பரம தகப்பனே, எங்கள் கைகளில் ஒன்றும் இல்லாதபோதே எங்களைப் பிள்ளைகள் என்று அழைத்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். அந்த அன்பை எங்கள் வீடுகளில் எங்கள் பிள்ளைகள் எங்கள் முகங்களில் காணும்படி கிருபை செய்யும். பையில் எதையோ மறைத்துவைத்திருக்கிற பிள்ளை இன்றிரவே அதைத் தன் தகப்பனிடம் காட்டத் துணியட்டும். தூர தேசங்களில் பிள்ளைகளைப் பிரிந்திருக்கிற தகப்பன்மாரின் தொலைபேசிக் குரலிலும் உம்முடைய சத்தம் கேட்கப்படட்டும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.