முதல் ரைஃபிள் எது? குறைந்த விலையில் போல்ட் ஆக்‌ஷன் தேடுபவர்கள் இந்தியாவில் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்?

2024 ஆகஸ்ட் 1. பாரிஸ் ஒலிம்பிக்கில் மகாராஷ்டிராவின் கோலாப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்வப்னில் குசாலே, 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் 451.4 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றார். இந்தப் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. டிவியில் பார்த்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கலாம். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் துப்பாக்கியின் பக்கவாட்டில் இருக்கும் கைப்பிடியைப் பின்னால் இழுக்கிறார், ஒரே ஒரு தோட்டாவை உள்ளே வைக்கிறார், மறுபடி மூடுகிறார். அதுதான் போல்ட் ஆக்‌ஷன்.

'பதக்கம் எல்லாம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கிளப்புக்குப் போய் அட்டையில் நாலு ரவுண்டு சுடணும், அவ்வளவுதான்' என்று நினைப்பவர்கள் தமிழ்நாட்டிலும் கணிசமாக இருக்கிறார்கள். நடிகர் அஜித் குமார் 2021-ல் சென்னையிலும் 2022-ல் திருச்சியிலும் நடந்த மாநிலப் போட்டிகளில் பதக்கங்களை அள்ளிய பிறகு, ரைஃபிள் கிளப் என்ற சொல்லே பலருக்கும் பழக்கமாகிவிட்டது. ஆனால் 'விலை குறைவான போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்' என்று இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் அமெரிக்க வீடியோக்கள். சாவேஜ் மார்க் 2, ரூகர் அமெரிக்கன், சிஇசட் 457 என்று வரிசையாகப் பெயர்கள் வரும். அங்கே சில நூறு டாலருக்கு ஒரு 0.22 ரைஃபிளைக் கடையில் வாங்கிவிடலாம்.

இங்கே கதை வேறு. அந்தப் பட்டியலில் இருக்கும் துப்பாக்கியைச் சாதாரண இந்தியர் ஒருவர் இறக்குமதி செய்ய முடியாது. அந்த வாய்ப்பு, தகுதி பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு மட்டும்தான். எனவே எந்த ரைஃபிள் என்ற கேள்விக்கு, பர்ஸைத் திறப்பதற்கு முன்பே சட்டம் பாதி பதிலைச் சொல்லிவிடுகிறது.

போல்ட் ஆக்‌ஷன் ஏன் விலை குறைவு?

கதவுத் தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டால் போதும். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் காலித் தோட்டாக் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளிக் கீழே மடக்கினால் அடுத்த தோட்டா குழலுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். எல்லாமே கையால்தான். தானாக இயங்கும் பாகங்கள் குறைவு என்பதால் தயாரிப்புச் செலவும் குறைவு, பழுதும் குறைவு. சுடும் நொடியில் எதுவும் அசையாமல் இறுகப் பூட்டியிருப்பதால் குறியும் சிதறாது. புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒவ்வொரு ரவுண்டுக்கும் நடுவில் கை வேலை இருப்பதால், அவசரப்பட்டுச் சுடும் பழக்கம் வராது.

0.22 தோட்டா அளவில் சிறியது. உதை கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். சத்தமும் மற்ற ரைஃபிள்களை விடக் குறைவு. 50 மீட்டர் இலக்கு அட்டையில் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். ஒரு சட்டை பட்டன் அளவு. இதை அடிக்க வேகம் தேவையில்லை. போட்டித் தோட்டாக்களை ஒலியின் வேகத்துக்குக் கீழே போகும்படிதான் தயாரிக்கிறார்கள். ஒலி வேகத்தைத் தாண்டிப் போய், வழியில் வேகம் குறைந்து மீண்டும் கீழே இறங்கும்போது தோட்டா லேசாகத் தடுமாறும் என்பதே காரணம்.

சின்னத் தோட்டாதானே என்று விளையாட்டாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. 50 மீட்டர் அட்டைக்காகச் செய்யப்பட்ட அதே தோட்டா, தடுப்பு எதுவும் இல்லாவிட்டால் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் போகும். தோப்பு இருக்கிறது, வயல் இருக்கிறது, அங்கேயே அட்டை கட்டிச் சுடலாம் என்ற யோசனையை முதலிலேயே கைவிட வேண்டியது இதனால்தான்.

சட்டம் யார் பக்கம்?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு இருக்கிறது. தற்காப்புக்காகத் துப்பாக்கி கேட்பவர், தனக்கு ஏன் அது தேவை என்பதை அதிகாரியிடம் நிரூபிக்க வேண்டும். மத்திய அரசின் உரிமமோ அங்கீகாரமோ பெற்ற ரைஃபிள் கிளப்பின் உறுப்பினர், இலக்குப் பயிற்சிக்காக 0.22 ரைஃபிள் கேட்டால் நிலைமை வேறு. 13-வது பிரிவு அவரைத் தனியாகக் குறிப்பிட்டு, உரிமம் வழங்க வேண்டும் என்றே சொல்கிறது. மறுப்பதற்கான காரணங்கள் 14-வது பிரிவில் இருக்கின்றன. பொது அமைதிக்குப் பாதிப்பு, மனநலம், வேறு தடைகள் என்று அந்தப் பட்டியல் போகிறது. அதே பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது: போதிய சொத்து இல்லை என்பதை மட்டுமே காரணமாக வைத்து ஒருவருக்கு லைசென்ஸ் மறுக்கக் கூடாது. துப்பாக்கி லைசென்ஸ் என்றாலே பண்ணையார் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

2019-ல் வந்த திருத்தம் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. லைசென்ஸ் காலத்தை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக நீட்டியது. எண்ணிக்கை உச்சவரம்பு, கிளப் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் 0.22 ரைஃபிளுக்குப் பொருந்தாது என்பதையும் சட்டம் விட்டுவைத்திருக்கிறது. ஆக, துப்பாக்கி விஷயத்தில் கெடுபிடியான சட்டம்தான், ஆனாலும் இந்த ஒரு ரைஃபிளுக்கு மட்டும் கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்திருக்கிறது.

நடைமுறை என்று பார்த்தால் சென்னையில் போலீஸ் கமிஷனர், மாவட்டங்களில் கலெக்டர் ஆகியோரிடம் விண்ணப்பிக்க வேண்டும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். 2016 ஆயுத விதிகளின்படி, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான சான்றிதழ் வேண்டும். வீட்டில் பூட்டி வைக்க இடம் இருக்கிறது என்ற உறுதியும் தர வேண்டும். போலீஸ் விசாரணை அறிக்கைக்கு விதிகள் 30 நாள் கெடு வைத்திருக்கின்றன. மறுத்தால் காரணத்தைக் கேட்டு வாங்கி மேல்முறையீடு செய்யலாம்.

கடையில் என்ன கிடைக்கும்?

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். லைசென்ஸ் கையில் இருக்கும்போது கடைக்காரர் முன்னால் வைப்பது பெரும்பாலும் இரண்டு துப்பாக்கிகள். ஒன்று 0.22, இன்னொன்று 0.315. இரண்டும் போல்ட் ஆக்‌ஷன். இரண்டுமே மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலைச் சரக்கு. 2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தபோது, இஷாப்பூரும் நம்ம திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன.

0.315-க்கு ஒரு பழைய கதை உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் 0.303 தோட்டாவைப் பயன்படுத்தியது. அந்தத் தோட்டா இந்தியர்களின் துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது என்பதற்காகப் பொதுமக்களுக்கு வேறு அளவில் ரைஃபிள் கொடுத்தார்கள். ஆட்சி போனது, அந்த அளவு மட்டும் இன்னும் இருக்கிறது. பார்க்கக் கம்பீரமாக இருக்கும், 'இதுதான் சார் உண்மையான ரைஃபிள்' என்றும் சொல்வார்கள். ஆனால் அட்டையில் சுட்டுப் பழகுபவருக்கு அது தப்பான துப்பாக்கி. உதை பலமாக இருக்கும், தோட்டா விலை அதிகம், சின்னத் தோட்டாவுக்காகக் கட்டப்பட்ட ரேஞ்சில் அதைச் சுட அனுமதிக்க மாட்டார்கள். வாங்கியவர் வருடத்துக்கு நாலு தோட்டா சுட்டுவிட்டுப் பீரோவில் பூட்டி வைப்பதுதான் பெரும்பாலும் நடக்கும்.

இலக்குப் பயிற்சிக்கென்று கேட்பவர்கள் 0.22-ஐ விட்டு நகராமல் இருப்பது நல்லது. தெரியாதவர்கள் கவனிக்காமல் விடும் இன்னொரு விஷயம், லைசென்ஸில் எழுதப்படும் தோட்டா எண்ணிக்கை. ஒரே நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம், வருடத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று இரண்டு எண்கள் இருக்கும். ஒரு பயிற்சி நேரத்தில் 50 தோட்டா சாதாரணமாகத் தீரும். ஆண்டுக்கு 200 என்று குறித்திருந்தால் நாலு ஞாயிற்றுக்கிழமையோடு கதை முடிந்தது. துப்பாக்கியின் விலையைப் பேரம் பேசுவதை விட இந்த எண்ணைப் பற்றி விண்ணப்பத்தின்போதே பேசுவது முக்கியம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

வாங்கலாம். இறக்குமதி இறுகுவதற்கு முன் வந்த பழைய ஐரோப்பிய 0.22 ரைஃபிள்கள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் சில, புது உள்நாட்டு ரைஃபிளை விட நன்றாகவே சுடும். பார்க்க வேண்டியது மேல்பூச்சையோ மரக்கட்டையின் பளபளப்பையோ அல்ல. குழலின் உள்ளே வெளிச்சம் விட்டுத் துருக்குழிகள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழலின் வாய் விளிம்பில் அடிபட்டிருந்தால் தோட்டா நேராகப் போகாது. போல்ட்டை மூடும்போது ஆட்டம் இருக்கக் கூடாது. கட்டை தோளில் வைத்தால் கண் இயல்பாகக் குறிக்காட்டிக்கு நேராக வர வேண்டும். கழுத்தை நீட்டவோ மடக்கவோ வேண்டியிருந்தால் அது வேறு யாருக்கோ செய்த துப்பாக்கி.

எல்லாவற்றையும் விட முக்கியம், துப்பாக்கியில் பொறித்த எண்ணும் விற்பவரின் லைசென்ஸில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்பது. தனிநபர் ஒருவர் தன் துப்பாக்கியை விற்க வேண்டுமானால் மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்து 45 நாட்கள் காத்திருக்க வேண்டும். 'இன்னைக்கே எடுத்துட்டுப் போங்க, பேப்பர் அப்புறம் பார்த்துக்கலாம்' என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுவது நல்லது. லைசென்ஸ் இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தாலே 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறை.

லைசென்ஸே வேண்டாம் என்றால்?

0.177 அளவு, அதாவது 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிள். சக்தி 20 ஜூலுக்கு மேல் போகாவிட்டால் லைசென்ஸ் தேவையில்லை. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் களமிறங்கியது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். அபினவ் பிந்த்ரா 2008-ல் தங்கம் வென்றதும் அதே பிரிவில். அதன் பத்துப் புள்ளி அரை மில்லிமீட்டர் புள்ளி மட்டுமே. எனவே இது 'குழந்தைகள் துப்பாக்கி' என்ற பேச்சுக்கு இடமில்லை.

ஸ்பிரிங் வைத்த உள்நாட்டு ஏர் ரைஃபிள் ஆயிரங்களில் கிடைக்கும். போட்டிகளில் பார்க்கும் வெளிநாட்டு மாடல்கள் லட்சங்களில். பொழுதுபோக்குக்கு முதலாவது போதும், வீட்டு மொட்டை மாடியில் வைத்துச் சுடாமல் இருந்தால். பறவைகளைச் சுட்டால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும். அருணாச்சலப் பிரதேசத்தில் வேட்டையைக் குறைக்க 2021-ல் ஏர் கன் ஒப்படைப்பு இயக்கமே நடத்தி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மக்களிடமிருந்து திரும்பப் பெற்றார்கள். ஏர் கன் வெறும் விளையாட்டுப் பொருள் அல்ல என்பதற்கு அது ஒரு சாட்சி.

நடுவில் நிற்பவர்கள்

இப்போதைய விதிகளில் ஒரு பக்கம் பதக்க வீரர்களுக்கு வழி அகலமாக இருக்கிறது. 2020-ல் வந்த அறிவிப்பின்படி சர்வதேசப் பதக்கம் வென்றவர்களும் தேர்ச்சி பெற்ற சுடுவீரர்களும் 12 துப்பாக்கிகள் வரை வைத்துக்கொள்ளலாம், இறக்குமதியும் செய்யலாம். மறுபக்கம் ஏர் ரைஃபிள் யாருக்கும் திறந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், போட்டிக்குப் போகாத, ஆனால் ஒழுங்காகச் சுட ஆசைப்படும் நபருக்குத்தான் தேர்வு சுருங்கிவிடுகிறது. உள்நாட்டு 0.22 ஒன்று, பழைய துப்பாக்கி ஒன்று, அவ்வளவே. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக்கு நியாயம் இருக்கிறது. துப்பாக்கி எளிதாகக் கிடைக்கும் நாடுகளில் என்ன நடக்கிறது என்பதைச் செய்திகளில் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். ஆனால் ரேஞ்சுக்கு அந்த நியாயம் பொருந்தாது. 10 மீட்டர் ரேஞ்சை ஒரு ஹாலில் அமைத்துவிடலாம். 50 மீட்டருக்கு மண்மேடும் தடுப்புச் சுவரும் காவல்துறை அனுமதியும் வேண்டும். அது பக்கத்தில் இல்லாத ஊரில், லைசென்ஸ் வாங்கிய 0.22 ரைஃபிள் வெறும் இரும்பு.

அதனால் வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. முதலில் கிளப். 0.22 ரைஃபிள் வைத்திருக்கும் கிளப்புகளில் உறுப்பினர்கள் கிளப் துப்பாக்கியிலேயே சுட்டுப் பழகலாம். உறுப்பினர் கட்டணமும் தோட்டாச் செலவும் மட்டும்தான். ஆறு மாதம், ஒரு வருடம் சுட்ட பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால் பயிற்சிச் சான்றிதழோடு லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். சட்டம் சாதகமாகப் பேசுவதும் கிளப் உறுப்பினரிடம்தான், தனிநபரிடம் அல்ல.

சொந்தமாக வாங்கியவர்களுக்குத் தேர்தல் நேரத்தில் இன்னொரு வேலையும் வரும். தேர்தல் அறிவிப்பு வந்ததும் யார் யார் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று மாவட்ட ஆய்வுக் குழு முடிவு செய்யும். இந்திய தேசிய ரைஃபிள் சங்கத்தில் உறுப்பினராக இருந்து போட்டிகளில் பங்கேற்பவர்களுக்கு விலக்கு உண்டு. பொழுதுபோக்குக்குச் சுடுபவர் நோட்டீஸ் வந்தால் ரைஃபிளைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுப்பதற்கு முன் குழலைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டால், திரும்ப வாங்கும்போது துரு பிடித்திருக்காது.