முடக்குவாதமும் கைப்பேசி வைத்தியமும்

முடக்குவாதம் கண்டவர்களுக்குக் காலைப் பொழுதே சோதனைக் காலம். எழுந்தவுடன் விரல்கள் மடங்கமாட்டா; இரு கைகளிலும் கணுக்கள் ஒருசேர வீங்கி, ஒரு மணி நேரம் சென்ற பின்னரே கை வசப்படும். உத்திரமேரூர் வட்டத்துக் கிராமங்களில் நடவு வேலையே ஜீவனமாய்க் கொண்ட ஸ்திரீக்கு இதன் பொருள் இன்னதென்று நாம் விளக்க வேண்டுவதில்லை. வேலை மிகுதியென்றும், 2006-ம் வருஷத்தில் பரவிய சிக்குன்குன்யா ஜுரத்தின் மிச்சமென்றும் எண்ணித் தைலம் தடவிக் காலம் கழிப்பது நம் ஜனங்களின் வழக்கம். ஆனால் இவ்வியாதி காத்திருப்பதன்று. தேகத்தைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுக்களைப் பகைத்துத் தாக்குவது இது. முதல் சில மாதங்களுக்குள் தக்க மருந்து தொடங்கினால் மூட்டுக்கள் பிழைக்கும். எலும்பு அரிக்கப்பட்டு விரல் கோணியபின் எம்மருந்தும் அதை நிமிர்த்தாது.

டில்லிக்கு அருகிலுள்ள கிராமங்களில் ஆராய்ந்து 1993-ல் வெளியிட்ட கணக்கின்படி, வயது வந்தோரில் ஆயிரத்துக்கு ஏழெட்டுப் பேருக்கு இந்நோய் உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகம். இதற்கென்றே பயின்ற வைத்தியர்களோ பெருநகரங்களில் குவிந்திருக்கின்றனர். உத்திரமேரூரிலிருந்து சென்னைக்குச் சுமார் 90 கிலோமீட்டர். போய் வரும் ஒவ்வொரு முறையும் ஒரு நாட்கூலி போகிறது, துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது. இரண்டு முறை போனவர் மூன்றாம் முறை போகாமல், அருகிலுள்ள கடையில் வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் வாங்கித் தின்கிறார். வலி அடங்குகிறது, மூட்டு அரிப்பு அடங்குவதில்லை.

இத்தூரத்தைக் குறைக்கக் கைப்பேசி உதவுமா என்பதே கேள்வி. மத்திய சர்க்கார் 2019-ல் தொடங்கிய ‘இ-சஞ்சீவனி’ ஏற்பாட்டின் வழியாக, ஆரம்ப சுகாதார நிலையத்தில் அமர்ந்தபடியே தூரத்து வைத்தியரைக் கலந்துகொள்ளலாம். எனினும் திரையில் முகம் தெரியுமேயன்றி வீங்கிய மூட்டைத் திரை அழுத்திப் பார்க்காது. முதல் நிதானத்துக்குக் கையால் தொட்டறிதலும் இரத்தப் பரிசோதனையும் இன்றியமையாதவை. அதன் பின்னர் வரும் மாதங்களிலும் வருஷங்களிலுமே யந்திரத்தின் உபயோகம் இருக்கிறது. டென்மார்க் தேசத்தில் வாதநோயாளிகளின் நிலையைக் குறிக்கும் பொதுப் பதிவேடு 2000-ம் ஆண்டு முதல் நடைபெறுகிறது. வியாதி அடங்கிய நிலையிலுள்ளவர்களைத் தொலைவிலிருந்தே கவனித்து வருவது நேரில் பார்ப்பதற்குக் குறைந்ததன்று என்று 2018-ல் அங்கே பரீட்சித்துக் கண்டனர். எந்த மூட்டு வலிக்கிறது, எது வீங்கியிருக்கிறது, காலை விறைப்பு எவ்வளவு நேரம் என்பவற்றை நோயாளியே குறித்தனுப்பலாம். வீக்கம் மிகுந்தவரை மாத்திரம் வைத்தியர் உடனே அழைப்பார். ஏனையோர் வீணே பஸ் ஏறவேண்டுவதில்லை.

மருந்தின் விஷயத்தில் இவ்வுதவி உயிர் காப்பதாகவும் ஆகும். இந்நோய்க்கு முதன்மையான மருந்து மெத்தோட்ரெக்ஸேட். இதன் வரலாற்றில் நமக்கும் பங்குண்டு. 1895-ல் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், கதர் அங்கி தரித்தமையால் வெள்ளை ஆசிரியரின் கோபத்துக்கு ஆளாகி முழுப் பட்டம் பெறாமற் போனார் என்பர். அவர் அமெரிக்காவில் தலைமை வகித்த ஆராய்ச்சிக் கூடத்திலிருந்தே இம்மருந்து தோன்றியது. விலை மலிவு, பலன் பெரிது. ஆனால் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே உட்கொள்ளவேண்டியதைத் தினந்தோறும் உட்கொண்டால் உயிருக்கே மோசம். இரத்தத்தையும் ஈரலையும் காலந்தவறாது பரிசோதிக்கவும் வேண்டும். ஆகவே வாரத்தில் இன்ன நாள் என்று தமிழில் பேசி நினைவூட்டும் குரலும், பரிசோதனை முடிவை வைத்தியருக்கு உடனே அனுப்பும் வழியும் அலங்காரப் பொருள்களல்ல.

கைப்பேசியை வழங்கியதும் வைத்தியம் முடிந்ததென்று புகைப்படம் எடுத்துக்கொள்ளும் உத்தியோகஸ்தர்களை நாம் கண்டதுண்டு. கிராமத்து வீட்டில் கைப்பேசி பெரும்பாலும் கணவன் கையிலோ மகன் கையிலோ இருக்கிறது. அது அவள் கைக்கு வந்தாலும் வீங்கிய விரல் கண்ணாடித் திரையில் எழுத்தைத் தேடாது. வீட்டுக்கு வந்து கேட்டெழுத ஒரு மனுஷி வேண்டும். அவள் புதிதாகப் பிறக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீடு வீடாகச் செல்கிறார்கள். தொடக்கத்திலேயே முடங்கிப்போனவர்க்கு உடற்பயிற்சி வைத்தியமும் அத்திட்டத்தில் சேர்ந்தது. முடங்காமல் காக்கும் மருந்துக்கு மட்டும் அப்போது அதில் தனியிடம் அளிக்கப்படவில்லை. “காலையில் விரல் மடங்குகிறதா? கணுக்கள் வீங்கியுள்ளனவா?” என்ற இரண்டு கேள்விகளை அவர்கள் பதிவில் சேர்ப்பதற்குக் கோடிகள் செலவாகா. ஆனால் ஆமென்று விடை வந்தால் மறுமுனையில் ஒரு வாதநோய் நிபுணர் குறித்த நாளில் காத்திருக்கவேண்டும். ஆளில்லாத் திரைக்குப் பதிவுகள் அனுப்பி என்ன பயன்?

பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ம் ஆண்டுகளில் உத்திரமேரூரில் கல்லில் வெட்டிய விதிகளைப் போற்றாத பிரசங்கியில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் அப்பதவிக்குத் தகுதியற்றவர் என்பது அவற்றுள் ஒன்று. இத்தனை லக்ஷம் அழைப்புகள் நடந்தன என்பது நாம் வேண்டும் கணக்கன்று. இவ்வட்டத்தில் முடக்குவாதம் எத்தனை பேருக்குக் கண்டறியப்பட்டது, அவருள் எத்தனை பேர் ஆறு மாதத்துக்குள் மருந்து தொடங்கினர், ஒரு வருஷம் கழித்து எத்தனை பேர் வயலுக்கோ தறிக்கோ திரும்பினர்? சுற்றுக் கிராமங்களின் தொண்டர்கள் வரும் அக்டோபர் 2-ந் தேதி கிராமசபையில் இம்மூன்று எண்களையும் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றி, மாவட்ட சுகாதார அதிகாரிக்கு அனுப்பவேண்டுமென்று கோருகிறோம்.