சதவீதங்களுக்குச் சராசரி போடும் முன்

‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருளைக் கற்க வரும் மாணவர்களிடம் நான் முதலில் திறக்கச் சொல்வது ‘யுசிபி அட்மிஷன்ஸ்’ அட்டவணையைத்தான். தனியாகத் தேடி இறக்க வேண்டியதில்லை, மென்பொருளுடனேயே வருகிறது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973-இல் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தவர்களில், ஆறு பெரிய துறைகளின் கணக்கு அது.

ஆண்கள் 2,691 பேரில் 1,198 பேருக்கு இடம் கிடைத்தது: 44.5 சதவீதம். பெண்கள் 1,835 பேரில் 557 பேருக்கு: 30.4 சதவீதம். பெண்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று வகுப்பே கொதிக்கும். இப்போது துறைவாரியாகச் சதவீதம் கண்டு, ஆறையும் கூட்டி ஆறால் வகுக்கச் சொல்வேன். ஆண்கள் 38.1, பெண்கள் 41.7. அதே ஆட்கள்தான், முடிவு தலைகீழ்!

‘ஏ’ துறைக்கு விண்ணப்பித்த ஆண்கள் 825 பேர், பெண்கள் 108 பேர். அங்கே ஆண்களில் 62 சதவீதமும் பெண்களில் 82 சதவீதமும் தேர்வானார்கள். ‘சி’ துறைக்கு வந்ததோ 325 ஆண்களும் 593 பெண்களும். அங்கே இரு தரப்பிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் இடம். பெண்கள் அதிகம் விண்ணப்பித்தது இடம் கிடைப்பது அரிதான துறைகளுக்கு. பிக்கல், ஹாமல், ஓகானல் மூவரும் 1975-இல் ‘சயின்ஸ்’ இதழில் இதை விளக்கினார்கள். நெரிசலான துறைகளை நோக்கிப் பெண்களைத் தள்ளுவது வளர்ப்பும் பள்ளிக் கல்வியும்தான் என்றும் எழுதினார்கள். அநீதி இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை, அது வேறிடத்தில் இருக்கிறது என்றார்கள். இந்த வேறுபாட்டைத் தவறவிடுபவர்கள் ஏராளம்.

ஆனால் அந்த ஆறால் வகுத்த கணக்கையும் நான் ஏற்க மாட்டேன். ‘பி’ துறைக்கு விண்ணப்பித்த 25 பெண்களுக்கும் ‘சி’ துறையின் 593 பெண்களுக்கும் அதில் சம மதிப்பு. ஒவ்வொரு துறைக்கும் வந்த மொத்த விண்ணப்பங்களை நிறையாக வைத்தால் ஆண்கள் 38.7, பெண்கள் 43.0. துறைகள் பாரபட்சம் காட்டினவா என்ற கேள்விக்கு இதுவே பொருத்தம். விண்ணப்பித்த பெண்களில் எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று கேட்டால் 30.4தான் பதில்.

ஆர் மென்பொருளில் நிறையிட்ட சராசரிக்கென்றே ஒரு கட்டளை உண்டு. நிறையைக் கொடுக்க மறந்தால் அது பிழை காட்டாது, சாதாரணச் சராசரியைத் தந்துவிடும். ஆகவே காவல் மென்பொருளில் இல்லை, அட்டவணையைத் தயாரிப்பவரிடம்தான் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வு முடிவுகளுக்கும் இது பொருந்தும்: மாவட்டவாரித் தேர்ச்சிச் சதவீதத்தை வெளியிடும்போது பெரம்பலூரில் எத்தனை பேர், சென்னையில் எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள் என்பதையும் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். முப்பத்தெட்டு மாவட்டங்களின் சதவீதங்களை மட்டும் வைத்துக்கொண்டு மாநிலத்தின் தேர்ச்சி விகிதத்தை யாராலும் சரியாகக் கணக்கிட முடியாது. அதிகாரிகள் அந்த எண்ணிக்கையைத் தரவில்லை என்றால் செய்தியாளர்கள் கேட்டு வாங்கட்டும்.