"ஒப்புக்கொள்கிறேன்" என்று சொல்லுமுன்...

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம். வீட்டோடு வீடு ஒட்டிய தெருக்கள். குழாயடியில் வாய்ச்சண்டை வருகிறது. அது கைகலப்பாக முற்றுகிறது. ஒருவருக்குச் சிறு காயம். போலீசில் புகார். பிறகு, மாஜிஸ்திரேட் கோர்ட்டு!

"குற்றத்தை ஒப்புக்கொள். அபராதத்தைக் கட்டு. ஒரே நாளில் தொல்லை தீர்ந்தது" என்பார் பக்கத்து வீட்டுக்காரர்.

தொல்லை தீருமா? தீராது! அபராதமும் தண்டனைதான். நாளை வேலைக்கு மனுப் போடும்போது, "கோர்ட்டில் தண்டனை பெற்றது உண்டா?" என்று கேட்டால், "உண்டு" என்றுதான் எழுதவேண்டும்.

வேறு வழி என்ன?

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடப்பில் உள்ளன. வேண்டுமென்றே அடித்துச் சிறு காயம் செய்தால், ஓர் ஆண்டு வரை ஜெயில், அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால், இது ராஜியாகக்கூடிய குற்றம். காயம்பட்டவர் சம்மதித்தால் ராஜி ஆகலாம். ராஜியானால் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை! தண்டனை கிடையாது. வழக்கில் வேறு பிரிவுகள் சேர்ந்திருந்தால், அவை ராஜியாகுமா என்பதைத் தனியே பார்க்கவேண்டும்.

வழி மாறலாம்

கோர்ட்டில் ஆஜரான 14 நாட்களுக்குள், போலீஸ் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலம் ஆகியவற்றின் நகல்கள் இலவசமாகக் கிடைக்கவேண்டும். அவற்றைப் படித்த பிறகுதான் வக்கீல் வழி சொல்வார். சாட்சிகள் முரண்பட்டால் வழக்காடலாம். சாட்சி பலமாக இருந்தால் ராஜி பேசலாம். விசாரணை நடக்கும்போதும் வழியை மாற்றிக்கொள்ளலாம். அவசரப்பட்டு ஒப்புக்கொண்டவருக்கு இந்த வழிகள் அடைபடும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே!

இதற்கும் ஒரு தீர்ப்பு உண்டு. வழக்கு நடந்தது, தொலைவில் உள்ள அருணாசலப் பிரதேசத்தில். அதிகாரியை மிரட்டியதாக ஓர் ஏழை ஊழியர் மீது வழக்கு. வக்கீல் வைக்க அவரிடம் வசதி இல்லை. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் தெரியவில்லை. 2 ஆண்டு ஜெயில் தண்டனை!

1986-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தண்டனையை ரத்து செய்தது. இலவச வக்கீல் உண்டு என்பதை ஏழைக்குச் சொல்லவேண்டியது மாஜிஸ்திரேட்டின் கடமை. அவர் கேட்கவில்லை என்பது காரணம் ஆகாது என்று கூறியது.

சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீலை அமர்த்தித் தருகிறது. பெண்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு இல்லை. போன் எண்: 15100.

"குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டால், பதறவேண்டாம். "வக்கீல் வேண்டும், ஐயா" என்று கேட்கலாம். அது சலுகை அல்ல. உரிமை!