சத்தம் ஏறினால் வேகம் ஏறுமா?

புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் தெரியாத கார்க்காரர் சென்னையில் உண்டா? எந்த வண்டிக்கு எந்தப் பாகம் கேட்டாலும் அங்கே கிடைக்கும். கிடைக்காவிட்டால், "பண்ணிடலாம் சார்" என்பார்கள்!

வேகக் கார் வைத்திருக்கும் இளைஞர்களுக்கு இப்போது ஒரு ஆசை. அதன் பெயர் 'ஏர் இன்டேக் கிட்'. கம்பெனி வைத்த காற்றுப் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, அகலமான பைப்பும் திறந்த பில்டரும் மாட்டுவது. ஆக்சிலேட்டரை மிதித்தால் 'புஸ்' என்று ஒரு உறுமல். தம்பிக்கு உச்சி குளிர்ந்துவிடும்!

ஆசைப்படுவது குற்றமில்லை. ஆனால் காசு அப்பாவுடையது. கார் பாங்குக் கடனில் ஓடுகிறது. ஆகவே கணக்கைப் பார்க்கத்தான் வேண்டும்.

கம்பெனிக்காரன் ஏமாளியா?

1 லிட்டர் பெட்ரோல் எரிய சுமார் 11 கிலோ காற்று வேண்டும். அளவில் சொன்னால் 9 ஆயிரம் லிட்டருக்கும் மேல்! அதனால், காற்று தாராளமாகப் போனால் சக்தி கூடும் என்பது பொய்யில்லை.

ஆனால் போகிற காற்று குளிர்ந்த காற்றாக இருக்க வேண்டும். கம்பெனிப் பெட்டி பானெட்டுக்கு வெளியே, முன்பக்கத்திலிருந்து காற்றை இழுக்கிறது. திறந்த பில்டரோ எஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அதன் சூட்டைக் குடிக்கிறது.

வெளியே 35 டிகிரி, உள்ளே 60 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் அடர்த்தி 7 சதவீதத்துக்கு மேல் குறையும். கத்திப்பாரா நெரிசலில் நிற்கும்போது இதுதான் கதி. "டர்போ வண்டியில் இன்டர்கூலர் இருக்கே சார்" என்பார்கள். நின்ற இடத்தில் அதுக்கும் காத்து வேணுமே தம்பி!

அப்படியானால் வண்டி பறப்பதுபோல் தோன்றுவது ஏன்? கம்பெனிப் பெட்டி காற்றின் இரைச்சலையும் அடக்குகிறது. அதை எடுத்துவிட்டால் சத்தம் கூடுகிறது. காதுதான் ஏமாறுகிறது, முள் ஏறவில்லை.

அடுத்தவன் சட்டை

இதைவிடப் பெரிய தொல்லை, ஒரு காருக்குச் செய்த கிட்டை வேறு காருக்கு வெட்டி ஒட்டுவது.

போலோ ஜி.டி. என்ற காரைப் பலருக்குத் தெரியும். 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், 105 குதிரைசக்தி என்று 2013-ல் வந்தது. 2022-ல் போலோ உற்பத்தியே நின்றுவிட்டது. இன்றும் செகண்ட் ஹாண்டில் தேடி வாங்குகிறார்கள். இந்த மாதிரிக் கார்களுக்கு வெளிநாட்டுக் கிட் விலை கட்டுப்படியாகாது. உடனே வேறொரு வண்டியின் கிட் வருகிறது. பட்டறையில் பைப்பை அறுத்து, ஓஸ் போட்டு, கிளாம்ப் முறுக்கிவிடுகிறார்கள்.

பல கார்களில் அந்தப் பைப்புக்குள்தான் காற்றை அளக்கும் சென்சார் இருக்கிறது. பைப்பின் அகலத்தை வைத்துத்தான் அதன் கணக்கு. பைப் அகலமானால் காற்றின் வேகம் குறைகிறது. சென்சார் "காற்று கம்மி" என்று சொல்லிவிடுகிறது. எஞ்சினுக்குப் பெட்ரோல் குறைகிறது. ஓரளவுக்குக் கம்ப்யூட்டர் சரிக்கட்டும். அதற்கு மேல் போனால் 'செக் எஞ்சின்' விளக்கு எரியும், எஞ்சின் தட்டும், சூடேறும். கிளாம்ப் தளர்ந்தாலோ பில்டரைத் தாண்டித் தூசி நேரே பிஸ்டனுக்குப் போகும்.

மழை வந்தால்?

குளிர்ந்த காற்று வேண்டும் என்று சிலர் பில்டரைப் பம்பருக்குக் கீழே இறக்குகிறார்கள். வேறு ஊரில் செய்யலாம். சென்னையில் செய்யலாமா?

2015 டிசம்பரும் 2023 டிசம்பரும் மறந்துபோச்சா? ஒரு நல்ல மழைக்கே சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிற ஊர் இது. தாழ்ந்த பில்டர் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் போதும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எஞ்சினையே இறக்க வேண்டும்! இன்சூரன்சில் எஞ்சின் பாதுகாப்பு தனியாகச் சேர்க்காவிட்டால், அந்தச் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான்.

சட்டமும் இருக்கிறது

கம்பெனி அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அதே ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் கடுமையாக்கப்பட்டது. அனுமதியில்லாமல் மாற்றியமைத்தால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்! சத்தம், புகை வரம்பு மீறினால் தனியாக 10 ஆயிரம் வரை.

என்ன செய்யலாம்?

இளைஞர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்திலிருந்தே இந்த ஊருக்கு மோட்டார் மோகம் உண்டு. 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்களே ஓடின. பையன்களுக்கு மட்டும் ஆசை வராதா?

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கிட் எந்தக் காருக்கு, எந்த எஞ்சினுக்கு என்று பில்லில் எழுதிக் கொடுங்கள். எழுத முடியாத சரக்கை விற்காதீர்கள். மெக்கானிக்குகளே! கழற்றிய பெட்டியைக் காயலான் கடைக்கு அனுப்பாமல் சொந்தக்காரர் கையில் கொடுத்துவிடுங்கள். நாளைக்குத் திரும்ப மாட்ட அது வேண்டும்.

தம்பிகளே! பணம் கொடுக்கும் முன்னால் ஒரு சோதனை. ஓ.பி.டி. ரீடரைச் செருகி, எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூட்டை நெரிசலில் ஒரு தடவை, ஓட்டத்தில் ஒரு தடவை பாருங்கள். மாட்டிய பிறகும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சூடு ஏறியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருவாரா என்று கடைக்காரரிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள்.

வேகம்தான் வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. ராத்திரி 11 மணிக்குத் தெருவில் உறுமினால் காரின் வேகம் கூடாது. பக்கத்து வீட்டுக் குழந்தையின் தூக்கம்தான் கெடும்!