ஸ்பீடு... யாருக்கு ஜெயம்?

"ஸ்பீடா இருக்கிறவன்தான் ஜெயிப்பான்" - மேனேஜ்மென்ட் பாடத்தில் இதைக் கேட்டுக் கேட்டே காது புளித்துவிட்டது. அந்தச் சொல்லின் ஜாதகத்தைப் புரட்டினால் கதையே வேறு!

பழைய ஆங்கிலத்தில் 'ஸ்பேட்' என்றால் முதலில் வெற்றி, செழிப்பு. வேகம் என்பது பிறகு வந்து ஒட்டிக்கொண்ட அர்த்தம். ஊருக்குக் கிளம்புகிறவரிடம் 'காட்ஸ்பீட்' என்றார்களே, அதற்கு 'சீக்கிரம் போ' என்றா பொருள்? 'போகிற காரியத்தைக் கடவுள் நல்லபடியாக முடித்துத் தரட்டும்' என்றுதான். நாளாக நாளாக வெற்றி உதிர்ந்துபோய் வேகம் மட்டும் மிஞ்சியது.

அப்புறம் அது தொழிற்சாலைக்குள் நுழைந்தது. 1913-ல் ஹென்றி ஃபோர்டு ஹைலேண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்பிளி லைனைக் கொண்டுவந்தார். 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்த சேஸிஸ் வேலை, அடுத்த வருடம் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. ஆஹா என்கிறோம். அந்த வேலை பிடிக்காமல் ஆட்கள் கூட்டம் கூட்டமாக விட்டுப் போனார்கள். அவர்களைத் தக்கவைக்கத்தான் 1914-ல் 5 டாலர் தினக்கூலி. நாம் அதைத் தாராள மனசு என்று படிக்கிறோம்!

1936 டிசம்பரில் அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். 44 நாள் போராட்டம். சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டார்கள்; அவர்களுடைய பெரிய குறைகளில் ஒன்றின் பெயர் 'ஸ்பீட்-அப்'. செழிப்பைச் சொன்ன வார்த்தை, உழைக்கிறவன் வாயில் வசவாகிவிட்டது.

ஆகவே மக்களே, ஸ்பீடு ஸ்பீடு என்று யாராவது ஆரம்பித்தால் "ஜெயிக்கிறது யாரு சார்?" என்று கேட்டுவையுங்கள். இன்டர்னலில் மார்க் குறைந்தால் நான் பொறுப்பில்லை :-)